சிப்பாய் கரையேறும் கட்டம்

சதுரங்கப் பலகையில் ஒரு சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக முன்னேறி, எதிராளியின் பெரிய காய்கள் முதலில் அணிவகுத்து நின்ற கடைசி வரிசையை எட்டிவிட்டால், அது சிப்பாயாக இருப்பது அத்துடன் முடிந்து வேறொரு காயாக மாறுகிறது. மாறும் காய் ராணியாகவோ, யானையாகவோ, மந்திரியாகவோ, குதிரையாகவோ இருக்கலாம். எதுவாக இருக்க வேண்டும் என்பதை ஆடுபவர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம். முதல் ராணி இன்னும் வெட்டுப்படாமல் பலகையில் நின்றாலும் இரண்டாவது, மூன்றாவது ராணியைக்கூட இறக்கலாம். மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இன்று சதுரங்கம் கற்கும் பிள்ளைகள் அறிந்திருப்பது இந்த ஒரே விதியைத்தான். ஆனால் அவர்களுடைய தாத்தாக்களின் இளமைக்காலம் வரையில், இந்தியாவின் பெரும்பகுதியில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் ஆடப்பட்ட சதுரங்கத்தில் சிப்பாயின் பதவி உயர்வு வேறு கணக்கில் நடந்துகொண்டிருந்தது என்பதும், அந்தக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளிய ஐரோப்பிய விதியே நெடுங்காலம் ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டிருந்தது என்பதும் பலருக்குத் தெரியாத செய்திகள்.

இந்திய முறையைப் புரிந்துகொள்ளக் காய்களின் பழைய பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மூலையில் நிற்பது யானை. தமிழ்நாட்டில் சிலர் இதைக் கோட்டை என்பர். அதற்கு அடுத்தது குதிரை. அதற்கும் அடுத்து, குறுக்காகச் செல்லும் காயைத் தமிழர் பெரும்பாலும் மந்திரி என்று சொல்ல, மும்பையின் மராட்டியரும் இந்திக்காரரும் ஒட்டகம் என்கிறார்கள். ராஜாவின் பக்கத்தில் நிற்பவர் அவர்களுக்கு ராணி அல்லர், வசீர், அதாவது அமைச்சர். மந்திரியும் அமைச்சரும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க, இந்தக் கட்டுரையில் இனி இந்திய முறையைச் சொல்லும்போது மும்பை வழக்கையே பின்பற்றி ஒட்டகம், வசீர் என்ற பெயர்களே ஆளப்படும். பலகையும் இன்றையதைப் போல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதில்லை. துணியில் கோடிழுத்து, சில கட்டங்களில் மட்டும் குறுக்குக்கோட்டு அடையாளம் இட்ட ஒரே நிறப் பலகைகளே பழைய இந்தியாவில் வழக்கமாக இருந்தன.

இந்த ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் பெரும்பாலும் ஒரே கட்டம்தான் நகரும். இன்று ராஜாவும் யானையும் சேர்ந்து இடம் மாறும் கோட்டை கட்டுதல் அதில் இல்லை. அதற்குப் பதிலாக, ஒருமுறைகூட 'செக்', அதாவது நேரடித் தாக்குதல், வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். சிப்பாய் கடைசி வரிசையை எட்டியதும், தான் எந்த நெடுவரிசையில், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் எந்த எட்டுக் கட்டத் தொடரில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்கு உரிய காயாக மாறும். யானை வரிசையில் சேர்ந்தால் யானை, குதிரை வரிசையில் சேர்ந்தால் குதிரை, ஒட்டக வரிசையில் சேர்ந்தால் ஒட்டகம். ராஜா, வசீர் ஆகிய நடு வரிசைகள் இரண்டில் எதில் சேர்ந்தாலும் வசீர். ஒரு பக்கத்தில் இரண்டு ராஜாக்கள் இருக்க முடியாது என்பதால் இப்படி வைத்திருக்க வேண்டும். இந்திய முறையில் ஒருவருடைய ராஜாவுக்கு நேரெதிரே மற்றவருடைய வசீர் நிற்பது வழக்கம் என்பதால், வரிசையின் உரிமை தன்னுடைய காயைப் பொறுத்ததா, எதிராளியின் காயைப் பொறுத்ததா என்ற கேள்வி எழலாம். நடு வரிசைகள் இரண்டுமே வசீரைத் தருவதால் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

ஊருக்கு ஊர் இந்த விதியின் மேல் வேறு கட்டுப்பாடுகளும் ஏறியிருந்தன. பல இடங்களில், ஏற்கெனவே வெட்டுப்பட்ட காயைத்தான் சிப்பாய் மீட்டுக்கொண்டு வர முடியும். இரண்டு யானைகளும் பலகையில் இருக்கும்போது யானை வரிசைச் சிப்பாய் ஏழாவது வரிசையிலேயே நின்று, ஒரு யானை சாகும்வரை காத்திருக்க வேண்டும். குதிரை வரிசையில் கரையேறிய சிப்பாய், குதிரையாக மாறிய அதே நகர்வில் உடனே ஒரு குதிரைத் தாவலும் தாவிவிடலாம் என்ற சலுகையும் சில பகுதிகளில் உண்டு. மாறியவுடனேயே எதிராளியிடம் வெட்டுப்பட்டுப் போகாமல் தப்பிக்க அந்தத் தாவல் உதவும் என்பதைப் பார்க்கும்போது, இது வெறும் விசித்திரத்துக்காக ஏற்பட்ட விதியாகத் தோன்றவில்லை.

விதி மாறினால் ஆட்டமே எப்படி மாறிவிடுகிறது என்பதை ஓர் எளிய நிலையில் பார்க்கலாம். வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்க்கையில், கறுப்பு ராஜா பலகையின் வலது மேல் மூலையில் சிக்கி நிற்கிறார். வெள்ளை ராஜா அதற்கு இரண்டு வரிசை கீழே, ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி நின்று, கறுப்பு ராஜா கீழே இறங்கும் வழிகளை அடைத்துவிட்டார். எதிர்ப்புறம், இடது ஓரத்துக்கு அடுத்த குதிரை வரிசையில், கடைசிக்கு ஒரு கட்டம் முன்னே வெள்ளைச் சிப்பாய் ஒன்று நிற்கிறது. அதற்குக் குறுக்காக இடது மேல் மூலையில் கறுப்புக் குதிரை ஒன்று அகப்பட்டிருக்கிறது. வேறு காய்கள் எவையும் இல்லை. நகர்த்த வேண்டியது வெள்ளை. இன்றைய விதிப்படி இதில் யோசிப்பதற்கு எதுவுமில்லை: சிப்பாயை நேராக ஒரு கட்டம் தள்ளி ராணியாக்கினால் கடைசி வரிசை முழுவதும் அதன் ஆட்சிக்குள் வந்து, கறுப்பு ராஜாவுக்குச் 'செக்மேட்', அதாவது தப்ப வழியில்லாத இறுதி முற்றுகை. இந்திய விதிப்படி அதே சிப்பாயை அதே கட்டத்துக்குத் தள்ளினால் கிடைப்பது குதிரை மட்டுமே. அது உடனே ஒரு தாவல் தாவினாலும் மேட் வராது. ராஜாவும் ஒற்றைக் குதிரையும் சேர்ந்து அந்த ஆட்டத்தை வெல்லும் வழியும் இல்லை. சிப்பாய் நேராகப் போகாமல், குறுக்கே பாய்ந்து மூலையில் நிற்கும் கறுப்புக் குதிரையை வெட்டினால்தான் அது யானை வரிசையில் கரையேறும்; முன்பே இழந்த யானை அங்கே உயிர்பெற்று, அந்த நகர்விலேயே மேட் விழும். முன்னதில் பதவி உயர்வு தானாக வந்து சேரும் பரிசு. பின்னதில், எந்தக் கட்டத்தில் கரையேறுவது என்பதைப் பல நகர்வுகளுக்கு முன்பே திட்டமிட்டு, அதற்கேற்ற வரிசைக்குச் சிப்பாயை வெட்டி வெட்டிக் கொண்டு செல்ல வேண்டிய வேலை.

இதனால் சிப்பாய்களின் மதிப்பே வேறாகிவிடுகிறது. இன்றைய ஆட்டத்தில் ஓரத்துச் சிப்பாயும் நடுச் சிப்பாயும் கரையேறினால் தரும் பலன் ஒன்றே. பழைய ஆட்டத்தில் நடுவில் நிற்கும் இரண்டும் வசீரை ஈனக்கூடிய விலையுயர்ந்த சிப்பாய்கள், குதிரை வரிசையும் ஒட்டக வரிசையும் அவ்வளவு பெறாதவை. எதிராளியும் அதை அறிந்தவர் என்பதால், நடுச் சிப்பாயைக் குதிரை வரிசைக்குத் திருப்பிவிடும் நோக்கத்தோடே அங்கே ஒரு காயைப் பலிகொடுக்கும் தந்திரமும் சாத்தியமாகிறது. ஒரு பக்கம் எல்லாக் காய்களையும் இழந்து ராஜா மட்டும் தனித்து மிஞ்சும் நிலைக்குத் தனிப் பெயரும், முழுத் தோல்வியிலிருந்து வேறுபட்ட தனிக் கணக்கும் இருந்தன. சிப்பாயைக் கொண்டே மேட் வைப்பது மற்ற வெற்றிகளைவிட உயர்வாகக் கருதப்பட்டது. ஆக, இந்த ஆட்டத்தின் சுவை தொடக்க நகர்வுகளில் இல்லை, காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில் இருந்தது; பதவி உயர்வு விதியை நீக்கிவிட்டு அந்தச் சுவையை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள முடியாது.

கரையேறும் இடமே கிடைக்கும் பதவியைத் தீர்மானிக்கும் என்ற எண்ணம் இந்தியாவில் மிகப் பழையது. 1030ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி, நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விவரிக்கிறார். அதே வகை ஆட்டத்தின் விதிகள், வங்காளத்தில் ரகுநந்தனர் எழுதிய 'திதி தத்துவம்' என்ற நூலில் யுதிஷ்டிரருக்கு வியாசர் சொல்வதுபோல் அமைந்துள்ளன. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு படகு, நான்கு சிப்பாய்கள். எதிர் ஓரத்தை எட்டிய சிப்பாய், அந்தக் கட்டத்துக்கு உரிய காயாக மாறும். ஆனால் ராஜாவின் கட்டத்திலும் மூலையில் உள்ள படகின் கட்டத்திலும் அந்த உரிமை கிடையாது. இதைவிட வேடிக்கை, ஒருவரிடம் மூன்று சிப்பாய்கள் மிஞ்சியிருக்கும்வரை அவருக்குப் பதவி உயர்வே இல்லை என்பதும், ஒரே ஒரு சிப்பாயும் படகும் மட்டும் எஞ்சிய நொடித்துப்போன நிலையில் இருப்பவருக்கு அந்தச் சிப்பாயை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளும் சலுகை உண்டு என்பதும்தான். உள்ளவனுக்கு மேலும் கொடுக்காமல் இல்லாதவனுக்குக் கைகொடுக்கும் இப்படியொரு விதியைப் பிற்காலச் சதுரங்கம் எதிலும் காண்பது அரிது.

இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போன ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை; எந்த வரிசையில் கரையேறினாலும் சிப்பாய் அமைச்சராக மட்டுமே மாறும். அக்காலத்து அமைச்சர் குறுக்கே ஒரே ஒரு கட்டம் மட்டும் நகரக்கூடிய பலவீனமான காய் என்பதால் அந்த உயர்வால் ஆட்டம் தலைகீழாகிவிடவில்லை. ஐரோப்பாவில் அமைச்சர் ராணியாகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகையிலேயே வலிமை மிக்க காயாக வளர்ந்த பிறகுதான் சிப்பாயின் பதவி உயர்வு ஆட்டத்தை முடித்துவைக்கும் நிகழ்ச்சியாயிற்று. அதோடு ஒரு தருமசங்கடமும் வந்தது: ராஜாவுக்கு ஒரு ராணி உயிரோடு இருக்கும்போதே இன்னொரு ராணி எப்படி வரலாம் என்று கேட்டவர்கள் அங்கே உண்டு.

இந்தப் பின்னணியில்தான் பம்பாயில் 1814ஆம் ஆண்டு அச்சான ஒரு நூல் கவனிக்கத்தக்கதாகிறது. ஆசிரியர் திருவேங்கடாசார்ய சாஸ்திரி. தெற்கத்திய வைணவ மரபைச் சேர்ந்தவர் என்பதைப் பெயரே சொல்லிவிடும். சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்கு அவர் பெயர்த்த சதுரங்கப் புதிர் நிலைகளின் தொகுப்பு அது. ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்பத் தழுவப்பட்டது என்ற குறிப்பைத் தலைப்பிலேயே தாங்கி வெளிவந்தது. அன்று புனேயில் பேஷ்வாவின் ஆட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை. பம்பாய் என்பது பெரும்பாலும் கோட்டைப் பகுதியும் அதன் சுற்றுப்புறமும்தான். தாராவி, மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய கோலி மீனவர்களின் ஊர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குத் தமிழர் அங்கே வந்து சேர்ந்ததும், 1896இல் பிளேக் நோய் தாக்கிய பிறகு ஏற்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மனைகளில் மாதுங்காவின் தென்னிந்தியக் குடியிருப்புகள் எழுந்ததும், செம்பூரில் தமிழர் பெருகியதும் எல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிந்திய கதை. ஆகவே மும்பைக்கு வந்து பெயர் பதித்த தெற்கத்தியர்களின் வரிசையில், சதுரங்கக்காரர் ஒருவர் மிக முன்னதாகவே வந்து நிற்கிறார்.

ஒரு புதிரை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குத் தழுவுவது, பெயர்களை மாற்றிப் போடும் வேலை அன்று. மேலே கண்ட நிலையையே எடுத்துக்கொண்டால், இந்திய முறையில் ஒரே ஒரு விடை கொண்ட அழகான புதிர், ஐரோப்பிய முறையில் எப்படித் தள்ளினாலும் மேட் விழும் சாதாரண நிலையாகக் கெட்டுப்போகிறது. சிப்பாய் கரையேறும் புதிர் ஒவ்வொன்றிலும் தழுவுபவர் காய்களை மறுபடி நிறுத்திப் பார்த்துத்தான் தீர வேண்டும். அச்சிட்ட நூலை விலை கொடுத்து வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளை அதிகாரிகள் என்பதால் அந்த உழைப்பு தவிர்க்க முடியாததாக இருந்திருக்க வேண்டும். இந்திய விதிகளின் பின்வாங்கல் பலகையில் தோற்றதால் தொடங்கவில்லை, அச்சகத்தில் தொடங்கியது என்று சொல்வதில் பெரிய தவறில்லை.

சாஸ்திரி தழுவிய ஐரோப்பிய முறையும் அந்தக் காலத்தில் ஒருமுகப்பட்டதாக இல்லை. 18ஆம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரும் இசை நாடகங்களுக்கு இசையமைத்தவருமான பிரெஞ்சுக்காரர் ஃபிலிடோர், 1749இல் வெளியிட்ட தம் நூலில், வெட்டுப்பட்ட காயாக மட்டுமே சிப்பாய் மாறலாம் என்று எழுதி, பின்வந்த பதிப்புகளிலும் அதையே காத்துவந்தார். இந்தியாவில் பலர் ஆடிய முறையின் ஒரு பாதி அது. அப்போதைய இத்தாலியில், வெட்டுப்பட்ட காய் எதுவும் இல்லாதபோது கரையேறிய சிப்பாய், ஒரு காய் சாகும்வரை கடைசிக் கட்டத்தில் செயலற்றுத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். எந்தக் காயாகவும் தடையின்றி மாறலாம் என்பதைத் தெளிவாகச் சொன்ன சாரட்டின் ஆங்கில நூல் 1828இல்தான் வருகிறது. அந்த விதி எங்கும் நிலைபெற 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. 1862இல் வெளியான பிரிட்டிஷ் விதித்தொகுப்பு, கரையேறிய சிப்பாய் எந்தக் காயாகவும் மாறாமல் சிப்பாயாகவே நின்றுவிடலாம் என்று அனுமதித்தது. முன்னே போக வழியில்லாத, வெட்டவும் முடியாத ஒரு செத்த சிப்பாயை யார் விரும்புவார்கள் என்று தோன்றலாம்; ஆனால் தோற்கும் நிலையில் உள்ளவர், தம் ராஜாவுக்குச் செக் இல்லாமலேயே நகர்த்த எந்தக் காயும் இல்லாத 'ஸ்டேல்மேட்' நிலையை உண்டாக்கி ஆட்டத்தைச் சமன் செய்துகொள்ள அது உதவக்கூடும். முதல் உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸ், 1889இல் எழுதிய பாடநூலில் இந்த விதியை முனைந்து ஆதரித்தார் என்பது, பார்க்க அபத்தமாக இருக்கும் விதிக்கும் நல்ல வழக்கறிஞர் அகப்படுவார் என்பதற்கு எடுத்துக்காட்டு.

இந்தியாவில் இரண்டு முறைகளும் நூறாண்டுக்கு மேல் அருகருகே வாழ்ந்தன. சென்னையின் குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து 1829இல் சென்னையில் வெளியிட்ட நூல், ஐரோப்பியத் தொடக்கமுறை ஒன்றின் ஆய்வோடு சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் நடந்த போட்டியின் ஆட்டங்களையும் அச்சில் தந்தது. வங்காளத்தின் மகேஷ்சந்திர பானர்ஜி, கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேனோடு 1848 முதல் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். சிப்பாயை ஒற்றைக் கட்டமாக நகர்த்திப் பழகிய கையோடு அவர் ஆடிய தொடக்கங்களிலிருந்துதான் இன்று 'இந்தியத் தற்காப்பு' என்று உலகம் அழைக்கும் தொடக்கமுறைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் இந்திய முறையில் வளர்ந்து, 1926ஐ ஒட்டித்தான் ஐரோப்பிய விதிகளைப் பயின்றார். 1928இல் அகில இந்திய சாம்பியன், அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன், பிறகு 1932, 1933 ஆண்டுகளிலும் அதே பட்டம். தொடக்க நகர்வுகளில் தடுமாறிய அவர் கடைசிக் கட்ட ஆட்டத்தில் யாருக்கும் சளைக்கவில்லை என்பது, அவர் வளர்ந்த ஆட்டம் எதைக் கற்றுக்கொடுத்தது என்பதைக் கருதினால் வியப்புக்குரியதன்று.

1951இல் சென்னையில் அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு அமைந்து, 1955இல் ஆந்திராவின் ஏலூரில் முதல் தேசியப் போட்டி நடந்து, மகாராஷ்டிரத்தின் சாப்ரேயும் ஆந்திராவின் வெங்கையாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட பிறகும்கூட, உள்ளூர் விதிகள் 1960கள் வரை மறையவில்லை. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன், சங்கங்கள் அமைத்தும் தொடக்கமுறைகளைப் பற்றிய நூல்களைப் படிக்க இளைஞர்களைத் தூண்டியும் சர்வதேச முறையைப் பரப்பினார். அதற்குக் காரணம் இந்திய விதியின் குறைபாடு என்று சொல்வதற்கில்லை. ஊருக்கு ஊர் மாறும் விதிகளை வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்காரரும் புனேக்காரரும் ஒரே போட்டியில் உட்கார முடியாது. வெளிநாட்டுப் போட்டிக்கு ஆளை அனுப்ப வேண்டுமானால் வெளிநாட்டு விதியில் பழக்கியாக வேண்டும். வலுத்த காரணம் இதுதான், ஆட்டத்தின் தரமன்று.

வெற்றி பெற்ற விதிக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. பல பெட்டிகளில் பக்கத்துக்கு ஒரு ராணிதான் இருக்கும் என்பதால், முதல் ராணி பலகையில் நிற்கும்போது இரண்டாவது ராணிக்குக் காய் தேட வேண்டியிருக்கிறது. வீட்டு ஆட்டங்களில் யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து அதை ராணி என்று சொல்லிக்கொள்வது இதனால் வந்த வழக்கம். சர்வதேச விதி இதை ஏற்பதில்லை. கவிழ்த்து வைத்தாலும் யானை யானையே. 2017ஆம் ஆண்டு கனடா சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிக்க நடந்த மின்னல்வேக ஆட்டத்தில், நிகோலாய் நோரிட்சினின் சிப்பாய் கரையேறியபோது, வெட்டுப்பட்ட அவருடைய ராணி எதிராளி பாட்டர் சம்புயேவின் கையில் இருந்தது. மேசையில் தேடிக் கிடைக்காத நோரிட்சின், அவசரத்தில் ஒரு யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்றார். நடுவர் குறுக்கிட்டு, அது யானைதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்டமும் பட்டமும் சம்புயேவுக்குப் போயின. கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேட்டு வாங்கும் உரிமை விதியில் அப்போதும் இருந்தது. மின்னல்வேக ஆட்டத்தின் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. இழந்த காயை மட்டுமே மீட்கலாம் என்றிருந்த பழைய பலகையில் இரண்டாவது ராணிக்குக் காய் தேடும் தொல்லையாவது எழுந்திருக்காது. இரண்டாவது வசீர் அங்கே யாருக்கும் தேவைப்பட்டதில்லை.